நடந்தது மட்டும்

பியானோவின் முன் யாரும் இல்லை. இருக்கை காலியாக இருக்கிறது. ஆனாலும் ஒரு கட்டை மெல்ல இறங்குகிறது. அதன் அருகே இன்னொன்று. பிறகு இரண்டு கைகளும் விரிந்து வாசிப்பதுபோலப் பல கட்டைகள் ஒரே மூச்சில் தாழ்ந்து எழுகின்றன. கீழே பெடல் இறங்குகிறது, பாதி வழியில் நிற்கிறது, திரும்ப மேலே வருகிறது. ஒலிபெருக்கி வழியாக வரும் ஓசை இல்லை இது. உண்மையான சுத்தியல் உண்மையான கம்பியைத் தொடுகிறது. நாம் மூச்சுவிடும் இதே அறையின் காற்று அதிர்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு போட்டி மேடையில் யாரோ ஓர் இளம் கலைஞர் வாசித்த பீத்தோவன் சொனாட்டா, இப்போது இங்கே நடந்துகொண்டிருக்கிறது.

இதைக் கேட்கும்போது நம் மனம் முதலில் என்ன செய்கிறது என்று பொறுமையாகக் கவனிப்போம். அது ஒலியைக் கேட்பதற்கு முன்பே இருக்கையைப் பார்க்கிறது. அங்கே ஒருவரை உட்காரவைக்கத் தவிக்கிறது. யார் இவர்? எந்த நாட்டவர்? பரிசு கிடைத்ததா? எத்தனை வயதில் இப்படி வாசித்தார்? ஸ்வரம் வந்து சேர்வதற்குள் கேள்விகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. கேள்விகள் வந்த இடத்தில் கேட்பது நின்றுபோகிறது. இது யாருடைய குற்றமும் இல்லை. காலியான இடத்தைக் கண்டால் நிரப்பப் பார்ப்பது மனத்தின் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு சண்டையிட வேண்டாம். அதன் பக்கத்திலேயே அமர்ந்து, அது செய்வதைப் பார்த்தால் போதும்.

இந்த வாசிப்புகள் எங்கிருந்து வந்தன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 2002-இல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் ஒரு சர்வதேசப் பியானோ போட்டி தொடங்கியது. பியானோ கலைஞரும் ஆசிரியருமான அலெக்சாண்டர் பிராகின்ஸ்கி அதைத் தொடங்கியவர். பியானோ-இ-காம்பெடிஷன் என்று அதற்குப் பெயர். போட்டியாளர்கள் வாசித்தது யமஹாவின் டிஸ்க்ளேவியர் புரோ என்ற கச்சேரிப் பியானோவில். கைபட்ட விதத்தையெல்லாம் தானே குறித்துக்கொண்டு, பிறகு அதேபோலத் தானே வாசித்துக் காட்டும் பியானோ அது. முதல் போட்டியிலேயே ஒரு புதுமை நடந்தது. நடுவர்களில் ஒருவரான யெஃபிம் பிரான்ஃப்மன் மினசோட்டாவில் இல்லை. ஜப்பானின் ஹமாமட்சுவில் இருந்தார். போட்டியாளரின் வாசிப்பு தகவலாகக் கடல் கடந்து போய், அங்கே இன்னொரு டிஸ்க்ளேவியரின் கட்டைகளை இறக்கி எழுப்பியது. கூடவே காணொளியும் ஓடியது. அவர் அதைக் கேட்டு மதிப்பெண் அளித்தார்.

அந்தப் போட்டி செய்த பெரிய கொடை அதற்குப் பிறகு வந்தது. வாசிப்புகளைத் தகவலாகத் தாங்கிய மிடி கோப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார்கள். பரிசு பெற்றவர்களுடையவை மட்டுமல்ல, பெறாதவர்களுடையவையும். பத்து ஆண்டுப் போட்டிகளிலிருந்து ஏறக்குறைய 200 மணி நேர வாசிப்பைத் தொகுத்து, கூகுளின் மெஜென்டா ஆய்வுக் குழு மேஸ்ட்ரோ என்ற பெயரில் வெளியிட்டது. அதற்குள் சுமார் 70 லட்சம் ஸ்வரங்கள் இருக்கின்றன. ஒலிப்பதிவாக வைத்தால் இந்த 200 மணி நேரம் 100 ஜிகாபைட்டைத் தாண்டும். மிடி கோப்புகளாக வைத்தால் 100 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு சிறிய பென்டிரைவின் மூலையில் வைத்துவிடலாம்.

இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறதே என்னும்போது ஆசை விழித்துக்கொள்கிறது. ஒன்றை இறக்குகிறோம். அதைக் கேட்பதற்கு முன் இன்னொன்று கண்ணில் படுகிறது. ஷோபானின் எட்யூடுகள், லிஸ்ட்டின் நெடிய படைப்புகள், பாக்கின் பிரெலூடும் ஃபியூகும், ஷூபெர்ட்டின் இம்ப்ராம்ப்டுகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு சொடுக்கில் நம்முடையதாகிறது. நம்முடையதாகிவிட்டது என்ற நிறைவு சில விநாடி நிற்கிறது; அடுத்ததன் பெயர் தெரிந்ததும் கரைந்துவிடுகிறது. பரண்மேல் அடுக்கிவைத்த பாத்திரங்களைப்போலக் கோப்புகள் சேர்ந்துகொண்டே போகின்றன. சமையல் ஆகவில்லை. பசியும் ஆறவில்லை.

நண்பர்களே, ஆசையை இங்கே குறைசொல்ல வரவில்லை. அழகானதை விரும்புவது மனத்தின் நல்ல இயல்பு. சேர்க்கும் இன்பமும் கேட்கும் இன்பமும் வேறு வேறு என்று மட்டும் மெதுவாகக் கண்டுகொள்வோம். சேர்க்கும்போது மனம் அடுத்த கோப்பில் இருக்கிறது. கேட்கும்போது மனம் இந்த ஸ்வரத்தில் இருக்கிறது. அடுத்ததில் இருக்கும் மனத்துக்கு ஓய்வு கிடையாது. இதில் இருக்கும் மனத்துக்கு ஓய்வு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு கோப்பு. ஒன்றே ஒன்று. அதைப் பென்டிரைவில் ஏற்றி, நம் டிஸ்க்ளேவியரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் செருகி, தொடர்ந்து வாசிக்கும் அமைப்பை நிறுத்திவிட்டு உட்காருவோம். பழைய மாடல் வைத்திருப்பவர்கள் 3.5 அங்குல ஃப்ளாப்பியில் அதை எழுத வேண்டியிருக்கும். அந்தச் சின்னச் சிரமம்கூட ஒருவகையில் நன்மைதான். அது கையை நிதானப்படுத்துகிறது.

அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியில் சற்று நேரம் தங்குவோம். நான் சொல்ல விரும்புவது எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அதற்குள் ஒலி இல்லை. ஒரு துளி ஓசைகூட இல்லை. எந்தக் கட்டை இறங்கியது, எந்த நேரத்தில் இறங்கியது, எவ்வளவு வேகத்தில் இறங்கியது, எப்போது விடப்பட்டது, பெடல் எவ்வளவு ஆழம் சென்றது. இவ்வளவுதான். 1983-இல் வந்த மிடி முறையில் வேகத்துக்கு 128 படிகள் இருந்தன. டிஸ்க்ளேவியர் புரோ அதை 1024 படிகளாக நுணுக்கிக் குறிக்கிறது. பெடலின் ஆழத்தை 256 படிகளாகக் குறிக்கிறது. நுணுக்கம் கூடியிருக்கிறது. ஆனால் வகை மாறவில்லை. நடந்தது மட்டுமே இருக்கிறது. நடந்ததற்கு மேல் ஒரு சொல்கூட இல்லை.

மௌனத்துக்கென்று அதில் தனியாக எந்தக் குறிப்பும் கிடையாது என்பதையும் பாருங்கள். ஒரு நிகழ்வுக்கும் அடுத்த நிகழ்வுக்கும் இடையே எவ்வளவு காலம் என்ற எண் மட்டும் ஒவ்வொன்றின் முன்னும் நிற்கிறது. ஸ்வரங்கள் நெருங்கி வந்தால் அந்த எண் சிறியது. வாசிப்பவர் கைகளை எடுத்துக்கொண்டு காத்திருந்தால் அந்த எண் பெரியது. மௌனம் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்பட்ட எல்லாவற்றுக்கும் இடையில் அது இருக்கிறது. நாமும் அமைதியைத் தனியான ஒரு பொருளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஓர் எண்ணம் முடிந்து இன்னோர் எண்ணம் தொடங்குவதற்கு இடையில் அது எத்தனையோ முறை நம்மைக் கடந்து போயிருக்கிறது.

அந்தக் கோப்பில் இல்லாதவற்றையும் எண்ணிப் பார்க்கலாம். அரங்கத்தின் இருமல் இல்லை. கைதட்டல் இல்லை. நடுவர்களின் முகங்கள் இல்லை. வாசித்தவரின் அம்மா எந்த வரிசையில் அமர்ந்திருந்தார் என்பது இல்லை. வெல்ல வேண்டும் என்ற ஆசை இல்லை. தோற்றுவிடுவோமோ என்ற நடுக்கமும் அதில் இல்லை.

இல்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் நடுக்கம் அதில் இருக்கத்தான் செய்கிறது. அச்சம் விரலில் இறங்கினால் விரல் அவசரப்படும். நான்கு ஸ்வரங்கள் சற்று முந்திக்கொண்டு வரும். மென்மையாக விழ வேண்டிய ஒன்று கொஞ்சம் அழுத்தமாக விழும். ஒரு கட்டைக்குப் பதில் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து இறங்கும். பியானோவுக்குள் இருக்கும் சென்சார் அதைத் தள்ளிவிடுவதில்லை, உள்ளபடியே குறித்துக்கொள்கிறது. அச்சம் பதிவாகியிருக்கிறது, ஆனால் அச்சம் என்ற பெயர் பதிவாகவில்லை. தவறு பதிவாகியிருக்கிறது, ஆனால் தவறு என்ற தீர்ப்பு பதிவாகவில்லை. முந்திய நான்கு ஸ்வரங்கள் முந்திய நான்கு ஸ்வரங்களாகவே இருக்கின்றன. அதற்கு அடுத்த ஸ்வரம் தன் இடத்தில் வருகிறது. இசை தொடர்கிறது.

நம் மனத்தின் பதிவு இப்படி இருப்பதில்லை. அது நடந்ததைக் குறிக்கும்போதே பெயரையும் சேர்த்து எழுதுகிறது. பெயரோடு தீர்ப்பையும் எழுதுகிறது. தீர்ப்போடு, இனிமேலும் இப்படித்தான் ஆகும் என்ற முன்னறிவிப்பையும் எழுதுகிறது. மேடையில் அந்த இளம் கலைஞருக்கு விரல் பதறிய கணம் ஒரு விநாடிக்கும் குறைவு. அதை அவர் எத்தனை இரவுகள் சுமந்திருப்பார்? நாமும் அப்படித்தான் சுமக்கிறோம். யாரோ சொன்ன ஒரு சொல் காற்றில் இருந்தது ஒரு விநாடி. அது நம் நெஞ்சில் குடியிருப்பது பத்து ஆண்டு. நடந்தது சிறியது. நடந்ததன்மேல் நாம் ஏற்றியது பெரியது. பாரம் என்று நாம் உணர்வது பெரும்பாலும் ஏற்றிய பகுதியைத்தான். ஏற்றியதை இறக்கிவைக்க முடியும். இறக்கிவைத்த பிறகும் நடந்தது நடந்ததாகவே இருக்கும். ஆனால் அது வலிக்கும் விதம் மாறிவிடும்.

இந்தப் பியானோ எப்படிக் கவனிக்கிறது என்பதிலும் நமக்கு ஒரு வழி தெரிகிறது. கட்டைகளின் கீழும் சுத்தியல்களின் அருகிலும் இருக்கும் சென்சார்கள் ஒளியால் அளக்கின்றன. எதையும் தொடுவதில்லை. வாசிப்பவரின் விரலுக்கு ஒரு சிறு தடையும் தெரியாது. கவனிக்கப்படுவதால் வாசிப்பு கனமாவதில்லை. நம் பெரியவர்கள் சாட்சி என்று சொன்ன நிலைக்கு இவ்வளவு தெளிவான உருவம் ஓர் இயந்திரத்தில் அமைந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. கோபம் வரும்போது, அந்தக் கோபத்தைப் பிடித்து இழுக்காமல், தள்ளாமல், அது எவ்வளவு வேகமாக எழுகிறது, எவ்வளவு ஆழம் செல்கிறது, எப்போது தணிகிறது என்று ஒளிபோலப் படர்ந்து பார்க்கலாம். பார்ப்பது தொடுவதாக மாறிவிடாத அளவுக்கு மென்மையாகப் பார்க்கலாம். முதலில் இது கைகூடாததுபோல் இருக்கும். இருந்தாலும் ஒரு நாள் சில கணங்கள் கைகூடும். அந்தச் சில கணங்கள் போதும். பிறகு மனமே வழியை நினைவில் வைத்துக்கொள்ளும்.

இயந்திரம் ஞானி ஆகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு ஆசை இல்லை. ஆகவே துறக்கவும் அதனிடம் ஒன்றுமில்லை. நமக்கு ஆசை இருக்கிறது. அந்தக் கலைஞருக்கும் இருந்தது. ஆசையோடு மேடையேறி, ஏதோ ஓர் இடத்தில் ஆசையை மறந்து வாசித்த அந்த மனித மனம்தான் பெரியது. அப்படிப்பட்ட இடங்களைக் கேட்கும்போது நமக்குத் தெரிந்துவிடும். ஸ்வரங்கள் யாரையும் கவர முயலாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நம் தோள்கள் நம்மை அறியாமல் தளரும்.

டிஸ்க்ளேவியருக்குள் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதை அறிந்த நாளிலிருந்து நான் அடிக்கடி அதை நினைத்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து கட்டளை வரும்போது பியானோ உடனே வாசிப்பதில்லை. 500 மில்லிவிநாடி, அதாவது அரை விநாடி, பொறுக்கிறது. காரணம் எளிமையானது. பலமான ஸ்வரத்துக்குச் சுத்தியல் விரைந்து போய்க் கம்பியை அடிக்கிறது. மென்மையான ஸ்வரத்துக்குச் சுத்தியல் மெதுவாகப் பயணம் செய்கிறது. இரண்டுக்கும் ஒரே கணத்தில் கட்டளை கொடுத்தால் பலமானது முதலில் வந்துவிடும், மென்மையானது பின்தங்கிவிடும். சேர்ந்து ஒலிக்க வேண்டியவை சிதறிவிடும். ஆகவே பியானோ அரை விநாடியைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, அந்த இடைவெளிக்குள் மென்மையானதை முன்கூட்டியே கிளப்புகிறது. பலமானதைச் சற்று நிறுத்திவைக்கிறது. இரண்டும் கம்பியை ஒன்றாகச் சேர்கின்றன.

கோபத்தின் சுத்தியல் வேகமானது. புரிதலின் சுத்தியல் மெதுவானது. இரண்டும் நமக்குள் ஒரே கணத்தில்தான் கிளம்புகின்றன. பொறுக்காமல் பேசினால் கோபம் முதலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. புரிதல் பின்னால் வந்து, பேசி முடித்த சொற்களின் நடுவே தனியாக நிற்கிறது. அன்பில்லாததால் நாம் கடுமையாகப் பேசுகிறோம் என்பதை நான் நம்பவில்லை. அன்பு வந்து சேர்வதற்குக் காலம் கொடுக்காததால் பேசிவிடுகிறோம். அதற்குத் தேவை அரை விநாடி. ஒரு மூச்சு உள்ளே வரும் நேரம்கூட இல்லை. அவ்வளவு சிறிய இடைவெளியில் அவ்வளவு பெரிய வேறுபாடு நடந்துவிடுகிறது.

இவ்வாறு தானே வாசிக்கும் பியானோ நம் காலத்தில் பிறந்ததும் இல்லை. 1904-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் எட்வின் வெல்டேயும் கார்ல் போக்கிஷும் வெல்டே-மிக்னான் என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். துளையிட்ட காகிதச் சுருளும் காற்றின் உறிஞ்சலும் சேர்ந்து கட்டைகளை இயக்கும். டெபுஸ்ஸி அதில் தன் படைப்புகளை வாசித்துப் பதிந்தார். கிரீக் பதிந்தார். 1905-இல் குஸ்டாவ் மாலரும் பதிந்தார். மாலரின் கை பியானோவை எப்படித் தொட்டது என்பது இன்று நமக்குத் தெரிவது அந்தத் துளைகளின் வழியாகத்தான். காகிதத்தில் துளை, வட்டில் காந்தம், பென்டிரைவில் மின்னணு. தாங்கும் பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

வீட்டில் இந்தக் கோப்புகளை வாசிக்கவைப்பவர்கள் சீக்கிரமே ஒரு சங்கடத்தைச் சந்திப்பார்கள். போட்டியில் வாசிக்கப்பட்டது பெரிய அரங்கத்துக்கான கச்சேரிப் பியானோவில். நம் அறை சிறியது. லிஸ்ட்டின் ஒரு பகுதி முழங்கத் தொடங்கினால் சுவர்கள் அதிரும்; பக்கத்து வீட்டுக்காரர் நினைவுக்கு வருவார். உடனே ஒலி அளவைக் குறைக்கிறோம். குறைத்தால் முழக்கம் தணிகிறது. ஆனால் கவனித்துக் கேட்டால் வேறொன்றும் நடந்திருக்கும்: மிக மென்மையான ஸ்வரங்கள் காணாமல் போயிருக்கும். கட்டை அசைந்திருக்கும், சுத்தியல் கம்பி வரை போகும் அளவுக்கு வேகம் இருந்திருக்காது. அளவுக்கு மேல் அடக்கும்போது முதலில் இழப்பது நுண்மையானதைத்தான்.

அமைதி என்றால் மனத்தின் ஒலி அளவைக் குறைப்பது என்று நம்மில் பலர் நெடுநாள் நினைத்திருக்கிறோம். துயரத்தைக் குறை, கோபத்தைக் குறை, ஏக்கத்தைக் குறை. குறைத்துக்கொண்டே போனால் ஒரு நாள் சத்தமே இருக்காது என்று. உண்மைதான், சத்தம் இருக்காது. அதோடு, ஒரு குழந்தை ஓடிவந்து கையைப் பிடிக்கும்போது நெஞ்சில் எழும் அந்த மெல்லிய அசைவும் இருக்காது. அமைதி அடக்குவதால் வருவதில்லை. முழங்க வேண்டியது முழங்கட்டும். முழங்கி முடித்து அது தானாக ஓயும்போது மென்மையானது இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்போம். அறை சிறியதாக இருந்தால் பியானோவின் மூடியை மூடி வைக்கலாம், சன்னல்களைச் சாத்தலாம், அல்லது ஷூபெர்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம். அளவைக் கொஞ்சமாக மட்டும் குறைப்போம்.

ஒரே கோப்பு இரண்டு பியானோக்களில் இரண்டு விதமாகக் கேட்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுருதி சேர்த்து எத்தனை மாதம் ஆயிற்று, சுத்தியலின் கம்பளி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அறையில் ஈரப்பதம் எப்படி, தரையில் விரிப்பு இருக்கிறதா, எல்லாம் சேர்ந்துதான் ஒலி. கோப்பு செயலைத் தருகிறது. ஒலியை நம் வீடு தருகிறது. நல்ல சொல் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தாலும் அது ஒலிக்க வேண்டிய கம்பிகள் நம்முடையவை. அவற்றைச் சுருதி சேர்த்து வைத்திருப்பது நம் அன்றாட வேலை.

இனி ஒரு சிறு பயிற்சி. விருப்பம் இருந்தால் சேர்ந்து செய்யலாம். ஷோபானின் ஒரே எட்யூடை இரண்டு போட்டியாளர்கள் வாசித்த கோப்புகளைத் தேடி எடுங்கள். கோப்பில் பெயர் இருந்தால் அதை மாற்றி, ஒன்று, இரண்டு என்று எண்கள் மட்டும் இடுங்கள். முதல் நாள் ஒன்றை முதலில் கேளுங்கள், பிறகு இரண்டை. மறுநாள் வரிசையை மாற்றுங்கள். மனம் உடனே தராசைத் தூக்கிக்கொண்டு வரும். இவர் வேகம், அவர் தெளிவு. இவர் பெடலை நீளமாகப் பிடிக்கிறார், அவர் சீக்கிரம் விடுகிறார். வரட்டும். தராசைத் தடுக்க வேண்டாம். தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதோடு சேர்த்து, நேற்று எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் பாருங்கள். பல நேரங்களில் நேற்றைய தீர்ப்பும் இன்றைய தீர்ப்பும் ஒன்றாக இருக்காது. கோப்புகளில் ஓர் எண்கூட மாறவில்லை. நாம் மாறியிருக்கிறோம். தூங்கிய தூக்கம், கேட்ட செய்தி, சாப்பிட்ட நேரம், எல்லாம் தீர்ப்புக்குள் நுழைந்திருக்கின்றன. இதை ஒருமுறை நேரில் கண்டவர்களுக்குத் தங்கள் தீர்ப்புகளின்மேல் இருந்த பிடி கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. பிடி தளர்ந்த கைக்குக் களைப்பு இல்லை.

எது சிறந்தது என்ற கேள்வி அப்போதும் எழும். நடுவர்கள் அதற்கு விடை சொல்லிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன; அந்தப் பொறுப்பு நம்மிடம் இல்லை. அதே எட்யூடை மூன்றாவதாக ஒருவரும் வாசித்திருந்தால், நாளைக்கு அவருடைய கோப்பைப் போடுவோம்.